நடுவில் இருந்தவை எல்லாம் நடுப்படை ஆயின: கண்ணின் முன்புறத் திசுக்களும் ஒரு சொல்லின் வரலாறும்

சில குழந்தைகள் கண்ணின் முன்பகுதி முழுமையாக உருவாகாமலேயே பிறக்கின்றன. ஐரிஸ் மெலிந்து கிழிந்திருக்கும். பாப்பா தன் இடத்திலிருந்து விலகியிருக்கும். கார்னியாவின் ஓரத்தில் வெண்கோடு ஒன்று தெரியும். இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பின்னாளில் கிளாக்கோமா வருகிறது. ஓரத்து வெண்கோட்டையும் அதனோடு ஒட்டிய ஐரிஸ் இழைகளையும் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரக் கண் மருத்துவர் தியோடோர் ஆக்ஸென்ஃபெல்ட் 1920இல் விவரித்தார். 1930களில் ஆஸ்திரியரான ஹெர்விக் ரீகர் நோயின் முழு வடிவத்தையும் எழுதி, அதற்கு இலத்தீனில் ஒரு பெயரும் இட்டார்: டிஸ்ஜெனெசிஸ் மீசோடெர்மாலிஸ் கார்னியே எட் ஐரிடிஸ். கார்னியாவிலும் ஐரிஸிலும் நடுப்படை வளர்ச்சி பிறழ்ந்தது என்பது அதன் பொருள்.

அப்பெயரில் 'நடுப்படை' என்ற சொல் பிழை. பிழை என்று ஐயமற நிறுவப்பட்டது 1970களில். ஆனால் அந்த ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டிய செய்தி 1893லேயே அச்சேறிவிட்டது. இடைப்பட்ட எண்பதாண்டுகளில் நிகழ்ந்தது என்ன என்பதே இப்பதிவு. சற்று நீளமானது, ஓய்வாக வாசிக்கலாம். நான் உயிரியல் பயின்றவன் அல்லன். மொழியியலில் முதுகலை முடித்து, அறிவியற் கலைச்சொற்கள் எவ்வாறு பிறந்து எவ்வாறு நிலைபெறுகின்றன என்பதை ஆய்வு செய்து வருகிறேன். கருவியல் வரலாற்றுக்குள் நான் நுழைந்தது அந்த வாசல் வழியாகவே.

முதலில் கண் உருவாகும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்புடைய உயிரியின் இளங்கருவில் மூளையாக வளரவிருக்கும் குழலின் இருபுறமும் இரண்டு குமிழ்கள் புடைத்தெழுகின்றன. ஒவ்வொரு குமிழும் தலையின் மேற்தோலைத் தொட்டதும் உள்ளே குழிந்து இரட்டைச் சுவருள்ள கிண்ணமாகிறது. தொட்ட இடத்துத் தோல் தடித்து, உள்மடிந்து, துண்டித்துக்கொண்டு லென்ஸ் ஆகிறது. கிண்ணத்தின் உட்சுவர் விழித்திரை. ஆகவே விழித்திரை மூளையின் பிள்ளை, லென்ஸ் தோலின் பிள்ளை. கருவியல் வரலாற்றில் கண்ணுக்குப் புகழ் தேடித் தந்தது இந்த இரண்டுக்கும் இடையிலான உறவுதான். ஹன்ஸ் ஷ்பேமான் 1901இல் தவளைக் கருவின் கண் குமிழைச் சூடேற்றிய ஊசியால் அழித்தபோது அப்பக்கத்தில் லென்ஸ் தோன்றவில்லை. ஒரு திசு இன்னொரு திசுவைத் தூண்டி உருவாக்குகிறது என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. பிறகு வேறொரு தவளை இனத்தில் குமிழ் இல்லாமலும் லென்ஸ் வந்ததால் சிக்கலாயிற்று. அக்கதையைப் பலர் எழுதிவிட்டனர். நான் பேச வந்தது விழித்திரையும் லென்ஸும் போக எஞ்சியதைப் பற்றி.

எஞ்சியது சிறியதன்று. லென்ஸுக்கு முன்னால் கார்னியா இருக்கிறது. அதன் வெளித்தோல் மட்டுமே தலைத்தோலிலிருந்து வருவது. அதன் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்காகிய ஸ்ட்ரோமாவும், உட்புறம் ஒற்றைச் செல் வரிசையாய் அமைந்து நீரை வெளியேற்றிக் கார்னியாவைத் தெளிவாக வைத்திருக்கும் எண்டோதீலியமும் வேறிடத்திலிருந்து வந்தாக வேண்டும். ஐரிஸின் முன்புறத் திசு, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிந்து வெளியேறும் சல்லடைத் திசு, கண்ணின் வெள்ளையாகிய ஸ்கிளீரா ஆகியவற்றுக்கும் அப்படியே. இவையெல்லாம் எங்கிருந்து வந்தன?

(கார்னியா என்றே எழுதுகிறேன். தமிழில் அதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. நாளிதழ்கள் 'கருவிழி தானம்' என்கின்றன. கலைச்சொல் பட்டியல்கள் 'விழிவெண்படலம்' என்கின்றன. ஒன்று கருமை என்கிறது, மற்றொன்று வெண்மை என்கிறது. பொருளோ நிறமற்றது. பின்னால் இருப்பதன் நிறத்தை முன்னால் இருப்பதற்கு ஏற்றிச் சொல்வது மொழியில் புதிதன்று; ஆனால் இப்பதிவின் பொருளுக்கு அது பொருத்தமான முன்னுரை.)

பத்தொன்பதாம் நூற்றாண்டு இக்கேள்விக்கு ஆயத்தமான விடை ஒன்றை வைத்திருந்தது. 1817இல் ஹைன்ஸ் கிறிஸ்டியான் பாண்டர் கோழிக்கருவில் அடுக்குகளைக் கண்டார். 1850களில் ராபர்ட் ரெமாக் அவற்றை மூன்றாகத் தெளிவுபடுத்தினார்: வெளியே புறப்படை, உள்ளே அகப்படை, இடையே நடுப்படை. பாடநூல்களின் எக்டோடெர்ம், எண்டோடெர்ம், மீசோடெர்ம் இவையே. தோலும் நரம்பும் புறப்படையிலிருந்து, குடலின் உள்ளுறை அகப்படையிலிருந்து, எலும்பு, குருத்தெலும்பு, தசை, குருதிநாளம் ஆகியன நடுப்படையிலிருந்து வருவன எனப் பங்கீடு செய்யப்பட்டது. எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1870களில் இதைப் பரிணாமத்தோடு பிணைத்தார். எல்லா விலங்குகளும் ஈரடுக்கு மூதாதை ஒன்றிலிருந்து வந்தவை என்ற அவர் கோட்பாட்டின்படி, அடுக்கு என்பது ஒரு திசுவின் வமிசாவளியாகவே ஆகிவிட்டது. ஒரு வமிசத்தார் மற்றொரு வமிசத்தின் பொருளைச் செய்வது என்பது இனி வெறும் பிழையான அவதானிப்பன்று, கோட்பாட்டையே மறுப்பதாகும்.

இங்கே மொழியியலார் ஒருவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'நடுப்படை' என்ற சொல் இடத்தைக் குறிக்கும் சொல்லாகப் பிறந்தது. நடுவில் இருப்பதால் அது நடுப்படை. ஹெக்கலுக்குப் பிறகு அது பிறப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. இரண்டு பொருள்களும் ஒரே சொல்லில் தங்கின. எனவே நுண்ணோக்கியில் ஒரு செல் புறப்படைக்கும் அகப்படைக்கும் நடுவே காணப்பட்டால், அதன் இடத்தைச் சொல்லும்போதே அதன் குலமும் சொல்லப்பட்டுவிடும். அது எங்கிருந்து வந்தது எனத் தனியாகக் கேட்கத் தேவையே எழாது. லென்ஸுக்கும் தோலுக்கும் நடுவே தளர்வாகக் கிடந்த செல்கள் நடுப்படை ஆனது இவ்வாறுதான்.

இதற்குத் தமிழிலிருந்து ஓர் ஒப்புமை. சாவி, அலமாரி, ஜன்னல் ஆகியன இன்று தமிழ் வீட்டின் நடுவே இருக்கும் சொற்கள். பிள்ளை மொழி கற்கும்போதே கற்றுக்கொள்வன. இருக்கும் இடத்தை வைத்துக் குலம் சொல்வதானால் அவற்றைத் தமிழ் வேர்ச்சொற்கள் என்றே சொல்வோம். மூன்றும் போர்ச்சுக்கீசியக் கப்பல்களில் வந்தவை. வந்த சொல்லைக் கண்டறிய வரலாற்று மொழியியலுக்குச் சில அடையாளங்கள் உதவுகின்றன: ஒலியமைப்பு, சான்றேட்டில் அது முதலில் தோன்றும் காலம், உடன்பிறந்த மொழிகளில் அது இல்லாமை. செல்லுக்கு அத்தகைய அடையாளம் எது? கண் திசுக்களின் வரலாறு பெரும்பாலும் அந்த அடையாளத்தைத் தேடிய வரலாறே.

தேடலைக் கடினமாக்கியது கருவியலின் மிகச் சிறந்த கருவியே என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஸ்விட்சர்லாந்தின் வில்ஹெல்ம் ஹிஸ் 1860களில் மைக்ரோடோம் என்னும் சீவு கருவியைச் செம்மைப்படுத்தினார். கருவைக் கொன்று, கெட்டிப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வரிசையாக அறுத்து, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கலாம். கருவின் உள்ளமைப்பு முதன்முறையாகத் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் சீவலில் எதுவும் நகர்வதில்லை. மூன்றாம் நாள் கருவில் ஒரு செல் இங்கே இருக்கிறது. நான்காம் நாளின் வேறொரு கருவில் ஒரு செல் அங்கே இருக்கிறது. முன்னதே பின்னது என எப்படிச் சொல்வது? அதே ஹிஸ் 1868இல் கோழிக்கருவில் நரம்புக் குழலுக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய செல் பட்டை ஒன்றைக் கண்டு அதற்கு 'இடைநாண்' எனப் பொருள்படும் ஜெர்மன் பெயரைச் சூட்டி, நரம்பு முடிச்சுகள் அதிலிருந்து வருகின்றன என்றார். 1879இல் ஆர்தர் மில்ன்ஸ் மார்ஷல் அதை ஆங்கிலத்தில் 'நரம்பு முகடு' ஆக்கினார். இவர் 1893ஆம் ஆண்டின் கடைசி நாளில் இங்கிலாந்தின் ஸ்காஃபெல் மலையில் விழுந்து இறந்தார். அவர் சூட்டிய பெயர் நிலைத்தது. இதுவும் இடப்பெயரே என்பதைக் குறித்துக்கொள்ளலாம். குழல் மூடும் விளிம்பில் முகடு போல நிற்பதால் முகடு. அச்செல்கள் அங்கே சில மணி நேரமே நிற்கின்றன. பிறகு கலைந்து போய்விடுகின்றன. கலைந்த பின்னும் அவற்றுக்கு அதே பெயர்.

ஜூலியா பார்லோ பிளாட் 1857இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். வெர்மாண்டில் பட்டம் பெற்று, ஹார்வர்டில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பிரிவில் படித்து, வுட்ஸ் ஹோலிலும் ஐரோப்பிய ஆய்வகங்களிலும் பணியாற்றினார். நெக்டூரஸ் என்னும் நீர்வாழ் சாலமாண்டரின் கருக்களை எடுத்துக்கொண்டார். அவர் கண்ட அடையாளம் எளியது. அக்கருவில் புறப்படைச் செல்களின் கருவுணவுத் துகள்கள் சிறியன. உள்ளடுக்குச் செல்களின் துகள்கள் பெரியன. ஆகவே ஒரு செல் தன் ஊரைவிட்டு வந்த பின்னும் வயிற்றில் ஊர்ச்சோற்றை வைத்திருக்கிறது. தலையின் நடுவே தாடைக்கும் செவுளுக்கும் குருத்தெலும்பாக உருவாகவிருந்த செல்களின் வயிற்றில் அவர் கண்டது சிறு துகள்கள். 1893இல் ஜெர்மன் இதழொன்றில் தலைக் குருத்தெலும்புகள் புறப்படையிலிருந்து தோன்றுகின்றன என எழுதினார். அடுத்த ஆண்டுக் கட்டுரையில் இதற்குப் புதுச்சொல் ஒன்றையும் ஆக்கினார்: மீசெக்டோடெர்ம். நடுவில் இருப்பது, புறப்படையில் பிறந்தது. இடம், பிறப்பு இரண்டையும் ஒரே சொல்லில் தனித்தனியே காட்டியது அது. கலைச்சொல்லாக்கத்தில் இதைவிடச் செறிவான தீர்வை நான் அதிகம் கண்டதில்லை.

ஏற்கப்படவில்லை. குருத்தெலும்பு நடுப்படையின் சொத்து. பெயர்பெற்ற கருவியலாளர் பலர் மறுத்தெழுதினர். அவர்களுக்கு நியாயமே இல்லை என நான் சொல்லமாட்டேன். துகளின் பருமன் வளர்ச்சியோடு மாறக்கூடியது. செல் உணவைச் செரிக்கச் செரிக்கத் துகள் சிறுக்கும். சீவல்களை வைத்து இடம்பெயர்வை நிறுவ முடியாது என்ற மறுப்பு முறையியல் அளவில் சரியானதே. ஆனால் அதே சீவல்களை வைத்துத்தான் அவர்களும் அச்செல்கள் நடுப்படையில் பிறந்தவை என்றனர். பிளாட்டிடம் கேட்ட சான்றை அவர்கள் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கில் இருக்கும் சொல்லுக்குச் சான்று தேவைப்படுவதில்லை. புதுச்சொல்லே மெய்ப்பிக்கும் சுமையை ஏற்க வேண்டியிருக்கிறது.

பிளாட் 1898இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பெண்ணுக்குப் பல்கலைக்கழக ஆசிரியப் பணி கிடைக்காத காலம். அமெரிக்கா திரும்பி வேலை தேடினார், கிடைக்கவில்லை. கருவியலை விட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவின் பசிஃபிக் குரோவ் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார். அங்கே பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்லும் வழியை ஒருவர் கதவிட்டு அடைத்தபோது கோடரியால் அக்கதவை உடைத்தவர் இவர். 70 வயதைக் கடந்த பின் 1931இல் அவ்வூரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கரையோரக் கடலைப் பாதுகாப்புப் பகுதியாக்கும் உரிமையை நகருக்குப் பெற்றுத் தந்தார். 1935இல் இறந்தார். மான்டரே விரிகுடாவின் சூழலியலாளர்கள் அவரை நன்றியோடு நினைக்கின்றனர். அவரை 'ஆளுமை மிக்க மேயர்' என்று மட்டும் அறிந்தவர்களுக்குச் சாலமாண்டர் ஆய்வு ஓர் இளமைக்கால அடிக்குறிப்பு. அவ்வாறன்று, ஒரு துறை அவரைத் தக்கவைத்துக்கொள்ளத் தவறியதன் எச்சமே அந்த மேயர் பதவி. ஃப்ரைபர்க்கின் தற்செயலையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. பிளாட் பட்டம் பெற்ற அதே நகரில்தான் ஆக்ஸென்ஃபெல்ட் பின்னர்க் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்தார். 1919 முதல் ஷ்பேமானும் அங்கே. நோயும் கருவியலும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தும், அந்தப் புதுச்சொல் கண் மருத்துவத்துக்குப் போய்ச் சேரவில்லை.

சாலமாண்டர் ஆய்வாளர்களிடையே மட்டும் அச்சொல் உயிர்த்திருந்தது. 1921இல் லாண்டேக்கர் வேறொரு சாலமாண்டரில் பிளாட்டின் முடிவை உறுதிசெய்தார். 1926இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோன் ஸ்டோன் நரம்பு முகட்டை வெட்டியெடுத்தும் இடம்மாற்றி ஒட்டியும் பார்த்தார். முகடு இல்லாத இடத்தில் குருத்தெலும்பு குறைந்தது. அவர் தம் கட்டுரையின் தலைப்பிலேயே மீசெக்டோடெர்ம் என எழுதினார். (இதே ஸ்டோன்தான் பின்னாளில் நியூட்டுகளின் கண்ணைப் பிடுங்கி மீண்டும் பொருத்திப் பார்வையைத் திரும்ப வரச் செய்தவர்.) 1947இல் கேவின் டி பியர் அடுக்குக் கோட்பாட்டையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என எழுதினார். 1950இல் ஸ்வீடனின் ஸ்வென் ஹோர்ஸ்டாடியுஸ் நரம்பு முகட்டைப் பற்றி முழு நூலே வெளியிட்டார். ஆயினும் இவையனைத்தும் பெரும்பாலும் நீரிலும் நிலத்திலும் வாழ்வனவற்றின் தாடை, செவுள் பற்றியவை. பறவைக்கும் பாலூட்டிக்கும் இது பொருந்துமா? குறிப்பாகக் கண்ணுக்கு? அங்கே கேள்வி எழவேயில்லை. கண் மருத்துவ நூல்கள் கார்னியாவின் உட்பகுதியை நடுப்படை என்றே தொடர்ந்தன.

அழியாத அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. வால்டர் ஃபோக்ட் 1920களில் சாயமேற்றிய அகர் துண்டுகளைக் கருவின் மேல் அழுத்தி உயிருள்ள செல்களுக்கு நிறமேற்றினார். ஆனால் சாயம் நாள்பட வெளிறும். 1963இல் ஜேம்ஸ் வெஸ்டன் கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த தைமிடினைச் செல்களின் டி.என்.ஏ.வுக்குள் புகுத்திக் கோழிக்கருவில் முகட்டுச் செல்களைப் பின்தொடர்ந்தார். 1966இல் மால்கம் ஜான்ஸ்டன் அதே முறையைத் தலைக்குப் பயன்படுத்தி முகட்டுச் செல்கள் முகத்துக்குள் பரவுவதைக் காட்டினார். இங்கும் ஒரு குறை: செல் பிளவுறும் ஒவ்வொரு முறையும் அடையாளம் பாதியாகிறது. சில தலைமுறைகளுக்குப் பிறகு வந்தவனும் இருந்தவனும் ஒன்றுபோலத் தெரிவர்.

தீர்வு காடையிடமிருந்து வந்தது. நிக்கோல் லெ துவாரன் பிரான்சின் பிரித்தானி பகுதியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஆய்வுக்கு வந்தவர். கல்லீரல் எவ்வாறு உருவாகிறது என அறிய அவர் காடைத் திசுவையும் கோழித் திசுவையும் சேர்த்து வளர்த்துக்கொண்டிருந்தார். டி.என்.ஏ.வுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. காடைச் செல்லின் உட்கருவில் நுண்கருவோடு ஒட்டிய பெரிய அடர்த்தியான திரள் உண்டு, கோழியில் இல்லை. தேடிச் சென்ற அடையாளமன்று. கல்லீரலைத் தேடிய இடத்தில் கிடைத்தது. அது செல்லின் உடன்பிறந்த குணம் ஆகையால் எத்தனை முறை பிளவுற்றாலும் வெளிறாது, குறையாது. 1969இல் இதை வெளியிட்டார். கோழிக்கருவின் நரம்பு முகட்டை வெட்டியெடுத்து அதே இடத்தில் அதே வயதுக் காடையின் முகட்டைப் பொருத்தினால், கரு வளர்ந்த பின் ஒவ்வொரு செல்லாகப் பார்த்து இது காடை, இது கோழி எனப் பிரித்துவிடலாம். 1975இல் லெ லியெவ்ரும் லெ துவாரனும் முகம், கழுத்து ஆகியவற்றின் இணைப்புத் திசுக்கள் பெருமளவு காடையாக இருந்ததைக் காட்டினர்.

1979இல் ஜான்ஸ்டன், ட்ரூ நோடன், கூலோம்ப்ர் இணையர் முதலியோர் பறவைக் கண்ணைச் சுற்றிய திசுக்களின் பிறப்பிடங்களைத் தொகுத்து வெளியிட்டனர். கார்னியாவின் ஸ்ட்ரோமாச் செல்கள் நரம்பு முகட்டிலிருந்து. எண்டோதீலியம் நரம்பு முகட்டிலிருந்து. ஐரிஸின் தளர்திசு, ஸ்கிளீராவின் பெரும்பகுதி அங்கிருந்தே. நடுப்படைக்கு எஞ்சியவை குருதிநாளங்களின் உட்சுவரும் கண்ணை அசைக்கும் தசைகளின் தசைநார்களுமே. நூறாண்டுகளாக எண்டோதீலியம் என்ற பெயரால் குருதிநாளங்களின் உள்வரிசையோடு ஒன்றாக எண்ணப்பட்ட கார்னியாவின் உள்வரிசை, உண்மையில் மூளையின் விளிம்பிலிருந்து நடந்து வந்த செல்களால் ஆனது. ஒரே பெயர் சூடிய இரண்டு திசுக்கள் இரு வேறு குலத்தவை.

நடந்து வந்தது என்றேன். அது உருவகமன்று. அந்நடையைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் எலிசபெத் ஹே கோழிக்கருவின் கார்னியாவை மின்னணு நுண்ணோக்கியில் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் பிறரும் வரைந்த சித்திரம் இது. லென்ஸ் தோலிலிருந்து பிரிந்ததும் இரண்டுக்கும் இடையே இடைவெளி தோன்றுகிறது. தோல் தன் அடிப்புறத்தில் செல்களே இல்லாத கொலாஜன் விரிப்பு ஒன்றைச் சுரந்து வைக்கிறது. அடைகாக்கத் தொடங்கிய நான்காம், ஐந்தாம் நாட்களில் கண் கிண்ணத்தின் விளிம்பில் காத்திருந்த செல்கள் அவ்விரிப்பின் அடியில் எல்லாப் பக்கமிருந்தும் ஊர்ந்து வந்து நடுவில் சந்தித்து ஒற்றை வரிசையாகப் பின்னிக்கொள்கின்றன. அதுவே எண்டோதீலியம். பிறகு விரிப்புக்குள் ஹயலுரானிக் அமிலம் நிறைகிறது. அது நீரை ஈர்க்க, விரிப்பு உப்புகிறது. இறுக்கமாக இருந்த இழைகளுக்கிடையே வழி திறக்கிறது. ஆறாம் நாளளவில் இரண்டாம் அலைச் செல்கள் அவ்வழியே புகுந்து ஸ்ட்ரோமா ஆகின்றன. குடியேற்றம் முடிந்ததும் அவ்வமிலம் கரைக்கப்படுகிறது, நீர் வெளியேறுகிறது, கார்னியா மெலிந்து தெளிவடைகிறது. தைராய்டு இயக்குநீருக்கு இத்தெளிவில் பங்குண்டு என்பதைக் கூலோம்ப்ர் இணையர் 1964இல் காட்டியிருந்தனர். வழி திறந்து, ஆள் வந்ததும் அடைக்கும் இந்த ஒழுங்கைப் படிக்கும்போது ஒரு நகரம் குடியேறும் காட்சியே மனத்தில் எழுகிறது.

1975இல் ஜொனாதன் பார்டும் ஹேயும் உயிருள்ள கார்னியாவை எடுத்து, அதனூடாகவே நுண்ணோக்கியைச் செலுத்தி, செல்கள் ஊர்வதைப் படம்பிடித்தனர். பிற உறுப்புகளில் அப்போது இது எளிதன்று, ஒளி ஊடுருவாது. கார்னியா ஒளியை விடும் திசு. தன் செல்கள் வந்த வழியைக் காட்டுவதற்கும் அதுவே சாளரமாயிற்று. மைக்ரோடோம் வந்து நூறாண்டுகளுக்குப் பிறகு.

இனி நோய்க்குத் திரும்பலாம். ரீகரின் குழந்தைகளுக்குக் கண்ணோடு பல் குறைபாடும் உண்டு: சில பற்கள் முளைப்பதில்லை, முளைத்தவை சிறுத்திருக்கும். மேல்தாடை உட்குழிந்திருக்கும். நடுப்படையின் குறை என்றால் இது ஏன் கண்ணையும் பல்லையும் முகத்தையும் மட்டும் தாக்குகிறது, தசையையும் சிறுநீரகத்தையும் ஏன் விட்டுவிடுகிறது என்பதற்கு விடையில்லை. பெயர் கேள்வியை மூடி வைத்திருந்தது. பல்லின் உட்பொருளும் முக எலும்பும் கார்னியாவும் ஒரே முகட்டிலிருந்து புறப்பட்ட செல்களால் ஆனவை எனத் தெரிந்ததும் அவை மூன்றும் ஒரு குடும்பமாயின. 1974இல் ராபர்ட் போலாண்டே முகட்டுச் செல்களின் கோளாறால் வரும் பல நோய்களுக்கு நியூரோகிறிஸ்டோபதி எனப் பொதுப்பெயர் இட்டார். 1983இல் புரூஸ் ஷீல்ட்ஸ் ஆக்ஸென்ஃபெல்ட், ரீகர் இருவர் விவரித்ததும் ஒரே நோய்த்தொகுதி என்றும், முகட்டிலிருந்து வந்த திசுவின் வளர்ச்சி இடையில் நின்றுபோவதே காரணம் என்றும் வாதிட்டார். 1990களில் அதற்குரிய இரண்டு மரபணுக்கள், பி.ஐ.டி.எக்ஸ்.2, எஃப்.ஓ.எக்ஸ்.சி.1, கண்டறியப்பட்டன. 'மீசோடெர்மாலிஸ்' மெல்ல வழக்கொழிந்தது. இன்று 'முன்புறக் கண் வளர்ச்சிப் பிறழ்வு' என்னும் பொருள்படும் பெயரே வழங்குகிறது. குலத்தைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்லும் பெயர். பட்ட பாட்டுக்குப் பின் வந்த எச்சரிக்கை.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பிறவிக் கிளாக்கோமாவில் பழுதுபடும் சல்லடைத் திசுவும் பெரும்பாலும் நரம்பு முகட்டின் வழிவந்தது. ஹைதராபாத்திலிருந்து நடத்தப்பட்ட ஆந்திரப் பிரதேசக் கண் நோய் ஆய்வு, அங்கே ஏறத்தாழ 3,300 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்நோயோடு பிறப்பதாக மதிப்பிட்டது. மேலைநாடுகளின் அளவைவிட இது பல மடங்கு. நெருங்கிய உறவில் மணம் முடிப்பதும் இதன் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கார்னியா எண்டோதீலியத்தின் செல்கள் பெரியவர்களில் ஏறக்குறையப் பிளவுறுவதே இல்லை. போனால் போனதுதான், தானமாகப் பெற்ற கண்ணே தீர்வு. அச்செல்களை ஆய்வகத்தில் தண்டுச் செல்களிலிருந்து வளர்க்க முயல்வோர் பலர், முதலில் அவற்றை நரம்பு முகட்டுச் செல்களாக்கி, பிறகே எண்டோதீலியமாக்குகின்றனர். பிளாட்டின் வழியைப் பின்பற்றினால்தான் அங்கே போய்ச் சேர முடிகிறது.

முகடே எல்லாம் எனச் சொல்லி முடித்தால் பழைய பிழையின் மறுபக்கத்தில் விழுந்தவனாவேன். 2005இல் ஃபிலிப் கேஜும் உடனாய்வாளர்களும் மரபணு முறையால் முகட்டுச் செல்களையும் நடுப்படைச் செல்களையும் நிரந்தரமாக அடையாளமிட்ட எலிகளில் பார்த்தபோது, கார்னியாவில் முகட்டுச் செல்களோடு நடுப்படைச் செல்களும் கலந்திருந்தன. கண்ணின் நீர் போய்ச் சேரும் ஷ்லெம் கால்வாயின் உட்சுவர் நடுப்படையுடையது. பறவையில் கூர்மையாகத் தெரிந்த எல்லை பாலூட்டியில் அத்தனை கூர்மையானதன்று. விழித்திரைக் கிண்ணத்திலும் இப்படி ஒன்று நேர்ந்தது. குமிழ் உள்ளே குழிந்து கிண்ணமாகிறது எனப் பாடநூல்கள் சீவல்களைப் பார்த்துச் சொல்லிவந்தன. நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். வரிக்குதிரை மீனின் உயிருள்ள கண்ணைப் படம்பிடித்தவர்கள், 2015இல் ஹைடல்பெர்க்கிலும் 2017இல் டிரெஸ்டனிலும், கிண்ணத்தின் வெளிச்சுவரிலிருந்து செல்கள் விளிம்பைச் சுற்றி ஊர்ந்து உட்சுவருக்குள் புகுவதைக் கண்டனர். குழிவு என்ற சொல் அந்த ஊர்வைக் காட்டவில்லை.

இறுதியாகத் தமிழில் மருத்துவக் கலைச்சொல் ஆக்குவோரிடம் ஒரு வேண்டுகோள். ஹெர்ட்விக் சகோதரர்கள் 1881இல் ஆக்கிய மீசென்கைம் என்ற சொல், தளர்வாகப் பரவிக் கிடக்கும் செல்களின் நிலையை மட்டுமே குறிக்கிறது, குலத்தைக் குறிப்பதில்லை. முகட்டுச் செல்லும் மீசென்கைம் ஆகலாம், நடுப்படைச் செல்லும் ஆகலாம். முன்னொட்டைப் பார்த்து அதற்கும் 'நடு' என்றோ 'இடை' என்றோ தொடங்கும் தமிழ்ச்சொல் ஆக்கினால் மாணவர் அதை நடுப்படையோடு சேர்த்தே படிப்பார். 'தளர்திசு' என நான் மேலே ஓரிடத்தில் எழுதிப் பார்த்தேன், முழு நிறைவில்லை. மீசெக்டோடெர்முக்கு 'புறவழி நடுத்திசு' வரை வந்து நிற்கிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்போர் பின்னூட்டத்தில் இடுக.